செத்த கிருமியின் நஞ்சு

குற்றாலப் பேரருவி உச்சியிலிருந்து நேரே நம் தலையில் விழுவதில்லை. இடையே பொங்குமாங்கடல் என்னும் ஆழ்குழி அதன் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. அது இல்லையேல் குளிப்பது ஏது? உடலின் தற்காப்பு ஆற்றலுக்கும் இத்தகைய தணிப்பு வேண்டும். கிருமி பரவியவரிடம் அது தவறினால் இரத்த அழுத்தம் சரிந்து, உறுப்புகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துவிடும். இதையே மருத்துவர்கள் ‘செப்டிக் ஷாக்’ என்கின்றனர்.

1892-இல் பெர்லினில் ரிச்சர்டு பைஃபர், கொல்லப்பட்ட காலராக் கிருமிகளைக் கினிப் பன்றிகளுக்குச் செலுத்தினார். அவை மாண்டன! கிருமியின் உடலோடு ஒட்டியிருந்த அந்நஞ்சுக்கு ‘எண்டோடாக்சின்’ என்று பெயராயிற்று. ஆனால் பெருஞ்சேதம் விளைவிப்பது, அதைக் கண்டு நம் செல்களே சுரக்கும் பொருள்கள்தாம். அவற்றுள் ஒன்றான டி.என்.எஃப்.பை முன்கூட்டியே முடக்கி, 1985-இல் பாய்ட்லரும் செராமியும் சுண்டெலிகளைக் காத்தனர். மனிதரிடம் இம்முறை பலிக்கவில்லை. எலிக்கு நஞ்சுக்கு முன்பே மருந்து தரலாம். நோயாளி வருவதோ வெள்ளம் புகுந்த பின்பு. அதற்குள் தற்காப்பின் ஒரு பகுதி சோர்ந்தும் போயிருக்கும்.

அச்சோர்வை நீக்க நம் நாட்டில் ஒரு முயற்சி நடந்தது. டில்லியில் ஜி. பி. தல்வார் தொழுநோய்த் தடுப்பூசிக்காகத் தேர்ந்தெடுத்த, நோய் உண்டாக்காத கிருமி ஒன்று உண்டு. வெப்பத்தால் கொன்ற அதனைச் சண்டிகர் மருத்துவர்கள் கடும் செப்சிஸ் நோயாளிகளுக்கு ஊசியாகச் செலுத்திப் பார்த்தனர். 2015-இல் வெளியான அந்தச் சிறு ஆய்வில் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்ட நாட்கள் குறைந்தன. இறப்பில் தெளிவான வேறுபாடு இல்லை. பின்னர் மேலும் பலரிடம் செய்த ஆய்வில் இறப்பும் குறைந்தது.