ஆன்சைட் சம்பளத்துக்கு இரண்டு நாட்டிலும் வரியா? இரட்டை வரியைத் தவிர்ப்பது எப்படி?

அக்டோபர் முதல் வாரம் பிராங்பர்ட் கிளம்புகிறீர்கள். ஐந்து மாத ஆன்சைட் முடித்து பிப்ரவரி கடைசியில் சென்னை திரும்புகிறீர்கள். பே ஸ்லிப்பைப் பார்த்தால் ஜெர்மனியிலும் வரி பிடித்திருக்கிறார்கள், இங்கேயும் டிடிஎஸ் போயிருக்கிறது. ஒரே சம்பளத்துக்கு இரண்டு முறை வரியா?

கட்ட வேண்டியதில்லை. இந்தியா 90-க்கும் மேற்பட்ட நாடுகளுடன் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. ஆனால் அந்தச் சலுகை தானாக வந்து சேராது, நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். கீழே உள்ள பிரிவு எண்களும் படிவ எண்களும் 1961 சட்டத்தின்படி, 2025-26 நிதியாண்டு வருமானத்துக்குப் பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் வரும் வருமானத்துக்குப் புதிய சட்டம் என்பதால் எண்கள் மாறும், அடிப்படை மாறாது.

முதலில் நாட்களை எண்ணுங்கள்

வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியக் குடிமகன், அந்த நிதியாண்டில் 182 நாள் அல்லது அதற்கு மேல் இந்தியாவில் இருந்தால் 'ரெசிடென்ட்'. கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். ஏப்ரல் 1 முதல் இங்கேயே இருந்தவர் செப்டம்பர் 28-ல் விமானம் ஏறினால் 181 நாள். மறுநாள் ஏறினால் 182! நடுவில் லீவுக்கு ஊருக்கு வந்த நாட்களையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒரேயடியாகத் திரும்பி வருபவர்களுக்குக் கணக்கு வேறு. அந்த ஆண்டில் 60 நாளும், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் இங்கே இருந்தாலே ரெசிடென்ட் ஆகிவிடலாம்.

ரெசிடென்ட் என்றால் உலகில் எங்கே சம்பாதித்தாலும் இந்தியாவில் வரி உண்டு. பல வருடம் வெளியே இருந்து திரும்பியவர்களுக்கு மட்டும் இதில் சில தளர்வுகள் இருக்கின்றன. நான்-ரெசிடென்ட் என்றால் வெளிநாட்டில் செய்த வேலைக்கான சம்பளத்துக்குப் பொதுவாக இங்கே வரி இல்லை. ஆனால் அந்தச் சம்பளம் நேராக இந்திய வங்கிக் கணக்கில் வந்தால் கேள்வி எழலாம். அப்போது அந்த நாடு தரும் வரி வசிப்பிடச் சான்றிதழ் கைகொடுக்கும்.

அங்கே வரியே இல்லாமல் போகலாம்

ஜெர்மனி உட்படப் பல நாடுகளுடனான ஒப்பந்தங்களில் 183 நாள் விதி இருக்கிறது. மூன்று நிபந்தனைகள்:

1. அங்கே தங்கியது 183 நாளைத் தாண்டக் கூடாது.
2. சம்பளம் தருபவர் அந்த நாட்டு நிறுவனமாக இருக்கக் கூடாது.
3. சம்பளச் செலவை அங்குள்ள கிளை ஏற்கக் கூடாது.

மூன்றும் பொருந்தினால்தான் விலக்கு. நிறைய பேர் முதல் நிபந்தனையை மட்டும் பார்த்துவிட்டு ஏமாந்துபோகிறார்கள். உங்கள் சம்பளம் யார் கணக்கில் எழுதப்படுகிறது என்று கிளம்பும் முன்பே ஹெச்ஆரிடம் கேட்டுவிடுங்கள்.

அங்கே வரி பிடித்துவிட்டார்களா? ஃபார்ம் 67 இருக்கிறது

ரெசிடென்டாக இருந்து, வெளிநாட்டில் முறைப்படி வரி கட்டியிருந்தால், பிரிவு 90-ன் கீழ் அதை இந்திய வரியில் கழித்துக்கொள்ளலாம். அதே வருமானத்துக்கு இங்கே வரும் வரி, அங்கே கட்டிய வரி, இரண்டில் எது குறைவோ அதுதான் கழிவு.

உதாரணமாக அங்கே 2 லட்சம் கட்டியிருக்கிறீர்கள், இங்கே 4 லட்சம் வருகிறது என்றால் மீதி 2 லட்சம் கட்டினால் போதும். அங்கே 6 லட்சம், இங்கே 4 லட்சம் என்றால் 4 லட்சம் கழியும். மிச்சம் 2 லட்சத்தை இந்தியா திருப்பித் தராது.

இதற்கு வருமான வரித் தளத்தில் ஃபார்ம் 67 தாக்கல் செய்ய வேண்டும். வரி பிடித்ததற்கான சான்றும் வேண்டும். யூரோவை ரூபாயாக மாற்ற, வரி பிடித்த மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாளில் எஸ்பிஐ அறிவித்த டிடி பையிங் ரேட்டைப் பயன்படுத்த வேண்டும். நவம்பரில் பிடித்திருந்தால் அக்டோபர் 31 விலை.

2025-26 வருமானத்துக்கு இந்தப் படிவத்தின் கடைசி நாள் 2027 மார்ச் 31. தாமதமாகக் கொடுத்தாலும் கழிவை மறுக்கக் கூடாது என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். ரிட்டர்னுடன் சேர்த்தே போட்டுவிட்டால் நோட்டீஸ் வராமல் பார்த்துக்கொள்ளலாம்.

ரிட்டர்னில் கவனிக்க வேண்டியவை

ஐடிஆர்-1 செல்லாது. சம்பளக்காரர்களுக்குப் பொதுவாக ஐடிஆர்-2. வெளிநாட்டு வருமானத்தை எஃப்எஸ்ஐ அட்டவணையிலும், கோரும் வரிக் கழிவை டிஆர் அட்டவணையிலும் காட்டுங்கள்.

அங்கே திறந்த வங்கிக் கணக்கு, கம்பெனி தந்த ஆர்எஸ்யு பங்குகள் எல்லாம் எஃப்ஏ அட்டவணையில் வர வேண்டும். இதற்கு ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான காலண்டர் ஆண்டுதான் கணக்கு. மறைத்தால் கருப்புப் பணச் சட்டத்தின் கீழ் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். அசையாச் சொத்து நீங்கலாக மொத்த மதிப்பு 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால் அந்த அபராதம் கிடையாது. ஆனாலும் காட்டியே ஆக வேண்டும்.

பாஸ்போர்ட் முத்திரைகள், இரண்டு நாட்டுப் பே ஸ்லிப், வரிச் சான்று. இந்த மூன்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். ஜூலையில் உங்கள் ஆடிட்டர் கேட்கப்போவது இவற்றைத்தான்.