நாலு பக்கம் அளந்தா போதுமா? ஒரு தப்பான ஃபார்முலாவின் 2,000 வருஷக் கதை

இந்த எபிசோட் ஒரு மனையில் ஆரம்பிக்குது.

போன வருஷம் அப்பா ஒரு மனை பார்க்க என்னையும் கூட்டிக்கிட்டுப் போனார். ப்ரோக்கர் டேப்பைப் பிடிச்சு நாலு பக்கமும் அளந்தார். தெற்கே 40 அடி, வடக்கே 41, கிழக்கே 30, மேற்கே 39. வடக்குப் பக்கம் ரோடு கொஞ்சம் சாய்வாகப் போகுது, அதனால் மனையும் அங்கே சாய்ஞ்சிருக்கு. அவர் போனில் கால்குலேட்டரைத் திறந்தார். "தெற்கையும் வடக்கையும் கூட்டிப் பாதி, நாப்பதரை. கிழக்கையும் மேற்கையும் கூட்டிப் பாதி, முப்பத்தி நாலரை. பெருக்கினா 1,397 சதுர அடி சார்."

அப்பா தலையாட்டினார். இன்ஜினியரிங் படிச்ச நானும் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து பேப்பரில் வரைஞ்சு காட்டினப்போ, எட்டாவது படிக்கிற சித்தி பொண்ணு எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அப்போ ஸ்கூலில் கூட்டு வடிவங்கள் பாடம் ஓடிக்கிட்டிருந்தது. "அண்ணா, இது கீழ ஒரு செவ்வகம், மேல ஒரு முக்கோணம். 40 பெருக்கல் 30, 1,200. முக்கோணம் 40 பெருக்கல் 9ல பாதி, 180. மொத்தம் 1,380 தானே?"

17 சதுர அடி வித்தியாசம். அங்கே சதுர அடி 3,500 ரூபாய். கிட்டத்தட்ட 60,000 ரூபாய்.

யார் சொன்னது சரி? அதைத் தேடிப் போனப்போதான், ப்ரோக்கர் போட்ட கணக்குக்கு 2,000 வருஷத்துக்கு மேல வயசாச்சுன்னு தெரிஞ்சது.

எகிப்தில் எட்ஃபு என்ற ஊரில் ஹோரஸ் கடவுளுக்கு ஒரு பெரிய கோயில் இருக்கு. கி.மு. 237இல் ஆரம்பிச்சு கி.மு. 57இல் முடிச்ச கோயில். கோயிலுக்குச் சொந்தமான நிலங்களின் பட்டியலை அதன் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நம்ம ஊர்க் கோயில் கல்வெட்டு மாதிரியேதான். ஒவ்வொரு வயலுக்கும் நாலு பக்க அளவு, பிறகு பரப்பு. அந்தப் பரப்பை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? எதிரெதிர் பக்கங்களைக் கூட்டிப் பாதி, இரண்டையும் பெருக்கு. அச்சு அசலா நம்ம ப்ரோக்கர் கணக்கு. வயல் முக்கோணமா இருந்தா? நாலாவது பக்கம் "ஒன்றுமில்லை" என்று எழுதிவிட்டு அதே ஃபார்முலாவைப் போட்டிருக்கிறார்கள். கோடு எழுதுறவங்களுக்குப் புரியும், டீஃபால்ட் வேல்யூ பூஜ்யம்!

எகிப்தியர்களுக்குச் சரியான கணக்கு தெரியாதா? நல்லாவே தெரியும். அதற்கு 1,400 வருஷத்துக்கு முன்னாடியே, ரிண்ட் பாப்பிரஸ் என்ற கணக்குச் சுவடியில் முக்கோணம், சரிவகம் இரண்டுக்கும் பரப்பு காணும் கணக்குகள் இருக்கு. பிறகு ஏன் இந்தக் குறுக்கு வழி? என் யூகம் இதுதான்: வரப்பு மேலேயே நடந்து நாலு பக்கத்தையும் அளந்துடலாம். விளைஞ்சு நிக்கிற பயிருக்குள்ள இறங்க வேண்டாம்.

சரி, அந்த ஃபார்முலாவில் என்னதான் தப்பு? வீட்டில் ஒரு கூரியர் அட்டைப்பெட்டி இருந்தா எடுங்க. மேல் மூடியையும் அடிப்பக்கத்தையும் பிரிச்சுட்டு, மேலிருந்து பாருங்க. ஒரு செவ்வகம். இப்போ எதிரெதிர் மூலை இரண்டையும் பிடிச்சு அமுக்குங்க. பெட்டி சாயும், கடைசியில் தட்டையாகிடும். நாலு பக்கத்தின் நீளமும் மாறவே இல்லை. ஆனா உள்ளே இருந்த இடம் பூஜ்யம். ப்ரோக்கர் ஃபார்முலா மட்டும் கடைசி வரைக்கும் அதே விடையைச் சொல்லிக்கிட்டே இருக்கும்.

இந்த ஃபார்முலாவின் தப்பு எப்பவும் ஒரே பக்கம்தான் சாயும். செவ்வகத்துக்கு மட்டும் சரியான விடை. வேறு எந்த நாற்கரத்துக்கும் நிஜத்தைவிட அதிகம். குறைஞ்சு வரவே வராது. அதாவது இந்தக் கணக்கில் விற்கிறவருக்கு ஒரு நாளும் நஷ்டம் இல்லை. பரப்பை வைத்து வரி வாங்குறவருக்கும் இல்லை. வாங்குறவரும் வரி கட்டுறவரும்தான் இல்லாத நிலத்துக்குக் காசு கொடுப்பார்கள்.

இப்போ இந்தியாவுக்கு வருவோம். கி.பி. 628. பிரம்மகுப்தர் 'பிரம்மஸ்புட சித்தாந்தம்' எழுதுறார். அப்போ அவருக்கு வயசு 30. நாற்கரத்தின் பரப்புக்கு அவர் இரண்டு விடை தருகிறார். முதலாவது தோராயமானது: அதே சராசரிக் கணக்கு. ஆனா அது தோராயம்தான் என்று வெளிப்படையாச் சொல்லிவிடுகிறார். இரண்டாவது துல்லியமானது: சுற்றளவில் பாதியை எடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்து, வரும் நாலு எண்களையும் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பது.

பழைய இந்தியக் கணித நூல்களில் வரும் ஒரு நாற்கரத்தைப் பார்ப்போம். சுற்றி வந்தால் பக்கங்கள் 39, 60, 52, 25. சராசரிக் கணக்கில் 1,933.75. பிரம்மகுப்தரின் துல்லியக் கணக்கில் 1,764. சுமார் 170 வித்தியாசம். ஆனா இதிலும் ஒரு சிக்கல் இருக்கு. நாலு மூலையும் ஒரே வட்டத்தின் மேல் இருந்தால்தான் அவருடைய ஃபார்முலா சரியா வரும். அந்த நிபந்தனையை அவர் எழுதவில்லை.

சுமார் 500 வருஷம் கழித்து, 1150இல், இரண்டாம் பாஸ்கரர் 'லீலாவதி'யில் இதைப் பிடிக்கிறார். நாலு பக்கமும் அதேதான், ஆனா மூலைவிட்டம் மாறினா பரப்பும் மாறும் என்கிறார். நம்ம அட்டைப்பெட்டி விஷயமேதான். மூலைவிட்டமோ செங்குத்து உயரமோ சொல்லாமல் நாற்கரத்தின் பரப்பைக் கேட்கிறவரையும் சொல்கிறவரையும் பேய் என்று திட்டுகிறார் மனுஷன். அந்தக் கோபம் எனக்குப் பிடிச்சிருக்கு. இன்புட் பத்தலைன்னா விடை சொல்லாதே, எர்ரர் காட்டு என்கிறார்.

தீர்வு? முக்கோணம். அதை அமுக்கினால் சாயாது. மூணு பக்கம் தெரிஞ்சா வடிவம் ஒண்ணே ஒண்ணுதான், பரப்பும் ஒண்ணுதான். அந்த மூணு பக்கத்திலிருந்து பரப்பைக் காணும் வழியை முதல் நூற்றாண்டிலேயே அலெக்சாண்ட்ரியாவின் ஹெரான் எழுதிவைத்தார். அதனால் எந்தக் கோணலான நிலத்தையும் குறுக்கே வெட்டி முக்கோணமாக்கிட்டா, ஏமாற இடமில்லை. கூட்டு வடிவம் என்று ஸ்கூலில் சொல்லிக் கொடுக்கிறது இதைத்தான்.

நம்ம ஊர் நில அளவையும் இதே வழியில்தான் போகுது. 1620இல் எட்மண்ட் குண்டர் என்ற ஆங்கிலேயர் ஒரு சங்கிலியை வடிவமைத்தார். நீளம் 66 அடி, 100 கண்ணிகள். 10 சதுரச் சங்கிலி சேர்ந்தால் ஒரு ஏக்கர். அப்போ ஒரு சதுரச் சங்கிலி 10 சென்ட். நம்ம பேசுற "சென்ட்", அந்த 435.6 சதுர அடி, ஒரு சதுரச் சங்கிலியில் பத்தில் ஒரு பங்குதான்.

சர்வே நம்பர் வாரியாக இருக்கிற புலப்படத்தைப் பாருங்க. எஃப்எம்பின்னு சொல்லுவாங்களே, அதேதான். வெளி எல்லை மட்டும் இருக்காது. உள்ளே குறுக்குக் கோடுகள் ஓடும். அந்தக் கோட்டின் மேல் நடந்து, எல்லைக் கல் நேராகத் தெரியும் இடத்தில் நின்று, பக்கவாட்டில் செங்குத்தாக அளப்பார்கள். நம்ம 39, 60, 52, 25 நாற்கரத்தையே இப்படி அளந்தா? குறுக்குக் கோடு 63. அதில் 15இல் நின்றால் ஒரு பக்கம் 36, மறுபக்கம் 20. இரண்டு முக்கோணம்: 1,134, 630. கூட்டினால் 1,764. வர்க்கமூலமே தேவைப்படவில்லை.

இனி எங்க மனைக்கு. தங்கச்சி சொன்ன 1,380இலும் ஒரு ஓட்டை இருந்தது. கீழ் மூலைகள் இரண்டும் செங்கோணம் என்று அவள் நம்பிக்கிட்டாள். நாலு பக்கத்தை மட்டும் வைத்து அதைச் சொல்லவே முடியாது. பாஸ்கரர் இருந்திருந்தா அவளையும் திட்டியிருப்பார். அதனால் மறுநாள் நானும் அப்பாவும் திரும்பப் போய், தென்மேற்கு மூலையிலிருந்து வடகிழக்கு மூலைக்குக் குறுக்கே டேப்பை இழுத்தோம். சரியா 50 அடி. 30, 40, 50: கொத்தனார் மூலைமட்டம் பார்க்கிற அதே கணக்கு. செங்கோணம்தான், பரப்பு 600. மிச்ச முக்கோணம் 39, 41, 50. ஹெரான் கணக்கில் 780. மொத்தம் 1,380.

ப்ரோக்கரிடம் சொன்னோம். அவர் கோபப்படவில்லை. "எல்லாரும் இப்படித்தான் சார் போடுறாங்க" என்றார். பொய்யே இல்லை, எட்ஃபுவிலும் அப்படித்தான் போட்டார்கள். பத்திரத்தில் 1,380 என்று எழுதி, அதற்குத்தான் காசு கொடுத்தோம்.

நீங்களோ உங்க வீட்டிலோ மனை வாங்கப் போனா, நாலு பக்கத்தோட நிக்காதீங்க. குறுக்கே ஒரு தடவை டேப்பை இழுங்க. அஞ்சாவது அளவு எடுக்க ரெண்டு நிமிஷம் கூட ஆகாது.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.