பள்ளி முற்றத்தில் உருவான மொழி

மத்திய அமெரிக்க நாடான நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவில், 1970களின் இறுதியில் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள் ஒரு புதிய மொழி உருவாயிற்று. அதற்கு எந்த அறிஞரும் இலக்கணம் வகுத்துக் கொடுக்கவில்லை. எந்த ஆசிரியரும் அதைக் கற்பிக்கவும் இல்லை. காது கேளாத பிள்ளைகள் ஓரிடத்தில் கூடிப் பழகியதால் மட்டுமே தோன்றிய அம்மொழி இன்று நிகராகுவா சைகை மொழி என்று அழைக்கப்படுகிறது. மொழி ஒன்று பிறந்து வளர்வதை ஆய்வாளர்கள் அருகிலிருந்து பதிவு செய்ய முடிந்த அரிய நிகழ்வு என்ற வகையில் மொழியியல் நூல்கள் இதை விரிவாகப் பேசுகின்றன. அதைவிடவும் முதன்மையான பாடம் ஒன்று இவ்வரலாற்றில் அடங்கியுள்ளது: ஒரு குழந்தைக்கு மொழி எந்த வயதில், எந்தப் புலனின் வழியாக எட்டுகிறது என்பதைப் பொறுத்தே அதன் முதல் மொழி வளம் பெறுகிறது, பின்னர் அது கற்கும் இரண்டாம் மொழியின் தேர்ச்சியும் அந்த அடித்தளத்தின் மீதே அமைகிறது.

1970களுக்கு முன்னர் நிகராகுவாவில் காது கேளாதோர் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறியாமலேயே வாழ்ந்தனர். அவர்களுக்கெனச் சிறு பள்ளிகள் சில இருந்தபோதிலும், பெரும்பாலான பிள்ளைகள் வீட்டைவிட்டு வெளியே வராமல், காது கேட்கும் பெற்றோரிடையேயும் உடன்பிறந்தாரிடையேயும் வளர்ந்தனர். அத்தகைய வீடுகளில் குழந்தையும் குடும்பத்தாரும் அன்றாடத் தேவைகளுக்காகத் தமக்குள் அமைத்துக்கொள்ளும் சைகைத் தொகுப்பை மொழியியலாளர் ‘வீட்டுச் சைகை’ என்பர். உண்பது, உறங்குவது, இன்னாரைக் குறிப்பது ஆகியவற்றுக்கு அது போதுமானது; சைகைகளை ஓரளவு ஒழுங்காக அடுக்கும் முறையும் அதில் காணப்படும். ஆனால் அதைப் புழங்குவோர் ஒரு வீட்டாரே என்பதாலும், அவர்களுள் அதையே முழுமையாகச் சார்ந்திருப்பவர் அக்குழந்தை ஒருவரே என்பதாலும், நேற்று நடந்ததை விரித்துரைக்கவும் பிறர் மனத்தில் உள்ளதைப் பற்றிப் பேசவும் வல்ல முழுமொழியாக அது வளர்வதில்லை.

இந்நிலை 1977இல் மாறத் தொடங்கியது. மனாகுவாவின் சான் ஹூதாஸ் பகுதியில் இருந்த சிறப்புக் கல்வி மையம் ஏறத்தாழ ஐம்பது காது கேளாத பிள்ளைகளுடன் ஒரு வகுப்பைத் தொடங்கியது. 1979 ஜூலையில் சொமோசா குடும்பத்தின் நெடுங்கால ஆட்சியை வீழ்த்திய சாந்தினிஸ்தா புரட்சி கல்வியைத் தன் முதற்கடமைகளுள் ஒன்றாக அறிவித்தது. 1980இல் நாடெங்கும் எழுத்தறிவு இயக்கம் நடைபெற்ற அதே ஆண்டில், காது கேளாத வளரிளம் பருவத்தினருக்காக வில்லா லிபர்தாத் பகுதியில் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியும் திறக்கப்பட்டது. 1983 அளவில் இவ்விரு பள்ளிகளிலும் நானூறுக்கும் மேற்பட்டோர் பயின்றனர். அந்நாட்டு வரலாற்றில் அத்தனை காது கேளாதோர் நாள்தோறும் ஒன்றாகக் கூடியது அதுவே முதல்முறை.

வகுப்பறையில் கற்பிக்கப்பட்டது ஸ்பானிஷ் மொழி. காது கேளாதோருக்குச் சைகையைத் தவிர்த்துப் பேச்சையே பயிற்ற வேண்டும் என்று 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு தீர்மானித்திருந்தது. உலகின் பல நாடுகளில் நூறாண்டு காலம் கோலோச்சிய அக்கொள்கை மனாகுவாவிலும் வேரூன்றியிருந்தது. பேசுபவரின் உதட்டசைவைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கும் ‘உதட்டு வாசிப்பு’ அதன் முதன்மைக் கருவி. எழுத்துகளை ஒவ்வொன்றாக விரல்களால் காட்டும் விரலெழுத்து சிறிதளவு இடம்பெற்றது. ஆனால் ப, ம ஆகிய ஒலிகளை எழுப்பும்போது உதடுகள் ஒரே விதமாகவே மூடித் திறக்கின்றன. அவற்றுள் ஒன்று மூக்கின் வழியாக வருவது கண்ணுக்குப் புலப்படாது. ககர ஒலி வாயின் உட்புறத்தில் பிறப்பதால் உதட்டில் ஏறத்தாழ எந்தத் தடயமும் இராது. மொழியை முன்பே அறிந்தவர் இவ்விடைவெளிகளைத் தம் அறிவால் நிரப்பிக்கொள்ளலாம். மொழியே இன்னும் வாய்க்காத பிள்ளைக்கு நிரப்புவதற்கு எதுவும் இல்லை. எனவே ஆண்டுக்கணக்கில் ஸ்பானிஷ் மொழியின் நடுவே அமர்ந்திருந்தும் பெரும்பாலான மாணவர்கள் அதை அடையவில்லை. சுற்றிலும் ஒரு மொழி புழங்குவதும், அது ஒருவருக்கு எட்டுவதும் வெவ்வேறு என்பதற்கு இவ்வகுப்பறைகள் சான்றாயின.

வகுப்புக்கு வெளியே நிலைமை வேறாக இருந்தது. பள்ளி முற்றத்திலும், பள்ளிக்கு வந்துபோகும் பேருந்துகளிலும் பிள்ளைகள் தத்தம் வீட்டுச் சைகைகளைக் கொண்டு உரையாட முயன்றனர். ஒருவர் சைகையை மற்றவர் எடுத்தாண்டனர். பலருக்கும் பொதுவானவை நிலைத்தன. பிள்ளைகள் தமக்குள் என்ன பேசிக்கொள்கின்றனர் என்பது ஆசிரியர்களுக்கே விளங்காத நிலையில், கல்வி அமைச்சகம் 1986இல் அமெரிக்க மொழியியலாளர் ஜூடி கெகலை அழைத்தது. மூத்த மாணவர்களின் சைகைகள் எளிய அமைப்பை உடையனவாக இருந்ததையும், அவர்களைப் பார்த்துப் பழகிய இளம் பிள்ளைகளின் சைகைகள் வேகமும் ஒழுங்கும் கூடி, இலக்கணம் கொண்ட மொழியாக மாறியிருந்ததையும் அவர் கண்டறிந்தார்.

இவ்வேறுபாட்டை ஆன் செங்காஸும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் பின்னர் நுட்பமாக அளந்தனர். செங்காஸும் மேரி கொப்போலாவும் 2001இல் வெளியிட்ட ஆய்வின்படி, ‘பார்த்தல்’, ‘பணம் கொடுத்தல்’ ஆகிய இரு வினைகளையும் உடலின் ஒரே பக்கமாகத் திருப்பிச் செய்தால், பார்க்கப்பட்டவரும் பணம் பெற்றவரும் ஒருவரே என்று இளையோர் திட்டமாகப் பொருள்கொண்டனர். பள்ளிக்கு முதலில் வந்த மூத்தோராகிய முதல் தலைமுறையினரிடம் இவ்விதி நிலைபெறவில்லை. இளையோருள்ளும் மிகச் சிறு வயதில் அச்சூழலுக்கு வந்தவர்களிடமே இப்புதிய இலக்கணம் படிந்தது. வளர்ந்தபின் வந்தவர்களிடம் படியவில்லை.

2004இல் செங்காஸ், சோத்தாரோ கீத்தா, அஸ்லி ஓஸ்யுரெக் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு மேலும் தெளிவானது. உருண்டைப் பந்தை விழுங்கிய பூனை ஒன்று செங்குத்தான தெருவில் உருண்டோடும் கேலிச்சித்திரப் படத்தைக் காட்டி, அதைச் சைகையில் விவரிக்குமாறு காது கேளாதோர் முப்பது பேரிடம் கேட்டனர். ஸ்பானிஷ் பேசுவோர் பேச்சினூடே கையசைப்பது போலவே, 1984க்கு முன்னர் பள்ளிக்கு வந்தவர்களும் உருள்வதையும் கீழிறங்குவதையும் பெரும்பாலும் ஒரே அசைவில் சேர்த்துக் காட்டினர். பின்னர் வந்தவர்களோ ‘உருள்’ என்றொரு சைகையையும் ‘கீழிறங்கு’ என்றொரு சைகையையும் தனித்தனியே செய்து வரிசைப்படுத்தினர். ஒன்றாகக் கண்ட நிகழ்ச்சியைக் கூறுகளாகப் பிரித்து, அக்கூறுகளை விதிப்படி கோப்பது மனித மொழிகள் அனைத்திற்கும் உரிய அடிப்படைப் பண்பு. அதைத் தங்களுக்கு முன்மாதிரியாக இருந்த மூத்தோரிடம் போதிய அளவு காணாதபோதும் குழந்தைகள் தாமே படைத்துக்கொண்டனர். மூத்தோரோ தாம் இளமையில் கற்ற இலக்கண வடிவத்திலேயே பெரும்பாலும் நின்றுவிட்டதால், ஒரே நகரில் வாழும் வெவ்வேறு தலைமுறையினரின் கைகளில் அம்மொழியின் வெவ்வேறு படிநிலைகளும் பாதுகாக்கப்பட்டுள்ளன.

மொழி எட்டாத இளமையின் விளைவு இலக்கணத்தோடு முடிந்துவிடவில்லை. ஒருவர் ஒரு பொருளை ஓரிடத்தில் வைத்துவிட்டுச் சென்றபின் வேறொருவர் அதை இடம்மாற்றினால், திரும்பி வருபவர் அதை எங்கே தேடுவார் என்பதைப் பொதுவாக நான்கைந்து வயதுக் குழந்தைகள் சரியாகச் சொல்வர். ஜென்னி பயர்ஸும் செங்காஸும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ‘நினைத்தல்’, ‘அறிதல்’ போன்ற மனவினைகளுக்கான சைகைகள் குறைவாக இருந்த முதல் தலைமுறையினருள் பலர், முதிர்ந்த வயதிலும் இத்தகைய கேள்வியில் இடறினர். இளைய தலைமுறையினருக்கு அது எளிதாக இருந்தது. சில ஆண்டுகள் கழித்து, இளையோருடன் பழகி அச்சைகைகளைப் பெற்றபின் மூத்தோரின் விடைகளும் மேம்பட்டன. அவர்களிடம் குறைந்திருந்தது அறிவன்று. அறிவைத் துலக்கும் மொழியே உரிய காலத்தில் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது.

இரண்டாம் மொழி பற்றிய கேள்விக்கு வட அமெரிக்காவில் ரேச்சல் மேபெரியும் அவர் குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு விடை தருகிறது. பள்ளி வயதில் ஆங்கிலம் கற்ற மூன்று பிரிவினரை அவர்கள் ஒப்பிட்டனர். குழந்தைப் பருவத்திலேயே அமெரிக்கச் சைகை மொழியைப் பெற்ற காது கேளாதோர், இளமையில் வேறொரு பேச்சுமொழியைப் பெற்ற காது கேட்போருக்கு நிகராக ஆங்கிலத்தில் தேறினர். இளமையில் எம்மொழியும் எட்டாதவர்களோ வெகுவாகப் பின்தங்கினர். முதல் மொழி கையால் ஆனதா நாவால் ஆனதா என்பது இங்கே பொருட்டாகவில்லை. அது குறித்த பருவத்தில் கிடைத்ததா என்பதே பொருட்டாயிற்று. சைகையை அனுமதித்தால் பேச்சு வராது என்று மிலான் மாநாட்டின் வழிவந்தோர் கொண்டிருந்த அச்சத்துக்கு இம்முடிவுகள் இடம் தரவில்லை. ஒரு மொழியைக் காப்பதாக எண்ணி அவர்கள் எண்ணற்ற பிள்ளைகளை இரு மொழிகளையும் இழக்கச் செய்தனர்.

நிகராகுவாவின் காது கேளாதோர் 1980களில் தமக்கெனத் தேசிய அளவில் சங்கம் அமைத்தனர். 1990களில் தம் மொழிக்கு அகராதி வெளியிட்டனர். 2009இல் அம்மொழிக்குச் சட்ட ஏற்பும் பெற்றனர். குழந்தைகளுக்கு மொழியைப் படைக்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு என்பதை அவர்களுடைய வரலாறு நிறுவியது. அவ்வாற்றலுக்கும் தோழர் கூட்டமும் உரிய வயதும் தேவை என்பதையும் அதே வரலாறு நிறுவியது. இன்றும் உலகெங்கும் காது கேளாத குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். காதுக்கருவி பொருத்தினால் பேச்சு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் சைகை மொழி தள்ளிப்போடப்படும் வீடுகள் பல. கருவியும் பேச்சுப் பயிற்சியும் வேண்டாம் என்று எவரும் வாதிட வேண்டியதில்லை. ஆனால் அவற்றின் பயன் தெரியவரும் வரை குழந்தையின் மொழிப் பருவம் காத்திருக்காது. ஆதலால் கண்ணுக்கு முழுமையாக எட்டும் ஒரு மொழியையும், அதைப் புழங்கும் பிற பிள்ளைகளின் தோழமையையும் முதல் ஆண்டுகளிலேயே தருவது, பிற்காலத்தில் எந்த மொழியைக் கற்பதற்கும் அக்குழந்தைக்குக் கொடுக்கக்கூடிய உறுதியான முதலாகும்.