மன்னிக்கும் உரிமை யாருக்குரியது? - ருவாண்டா தரும் படிப்பினை

கொலையுண்டவருக்காக மன்னிக்கும் உரிமை அவருடைய வாரிசுகளுக்கே உரியது என்பது ஃபிக்ஹுக் கலையின் அடிப்படை விதிகளுள் ஒன்று. பழிக்குப் பழியைக் கோரவும், ஈட்டுத்தொகையைப் பெறவும், இரண்டையும் விட்டுக்கொடுக்கவும் அவர்களுக்கு உரிமையுண்டு. வாரிசே எஞ்சாத நிலையில் ஆட்சியாளர் அந்த இடத்தில் நிற்பார். எனினும் ஈடேதுமின்றி மன்னித்துவிட அவருக்கு அதிகாரமில்லை என்பது சட்ட அறிஞர் பலரின் முடிவு. இவ்விதியின் ஆழத்தை உணர்த்தும் அண்மைக்கால வரலாறு ஒன்று உண்டு. அது மத்திய ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவின் வரலாறு.

1994 ஏப்ரல் 6 அன்று அதிபர் ஹப்யாரிமானா பயணம் செய்த விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதைத் தொடர்ந்து ஏறத்தாழ நூறு நாட்களில் எட்டு லட்சம் பேர் வரை கொல்லப்பட்டனர் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் டுட்ஸிகள். கொலைகளை எதிர்த்த ஹூட்டுகளும் அவர்களுள் அடங்குவர். கொன்றவர் பலர் அயலூர்ப் படையினர் அல்லர். அண்டை வீட்டாரே ஆவர். சிறுபான்மையினரான முஸ்லிம்களுள் பலர், தலைநகர் கிகாலியின் நியாமிராம்போ பகுதியிலும் பிற இடங்களிலும், டுட்ஸிகளுக்குத் தம் வீடுகளில் அடைக்கலம் தந்தனர். கொலைகளில் பங்கேற்ற முஸ்லிம்களும் சிலர் இருந்தனர் என்பதை மறைப்பது நேர்மையாகாது.

படுகொலை ஓய்ந்தபின் நீதிபதிகளுள் பலர் மாண்டிருந்தனர். எஞ்சியோருள் பலர் நாட்டைவிட்டு ஓடியிருந்தனர். சிறைகளிலோ ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றி அடைபட்டுக் கிடந்தனர். ஐக்கிய நாடுகள் அவை 1994இல் நிறுவிய அருஷா தீர்ப்பாயம், 2015இல் மூடப்படும் வரை 93 பேர் மீதே குற்றம் சாட்டியது. ஆகவே அரசு 'கச்சாச்சா' எனும் பழைய ஊர்ப் பஞ்சாயத்து முறையின்பால் திரும்பியது. கச்சாச்சா என்பது புல்லைக் குறிக்கும் சொல். ஊர்ப் பெரியோர் புல்தரையில் அமர்ந்து சிறு வழக்குகளைத் தீர்த்ததால் வந்த பெயர் அது. 2001இல் இதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. 2012 ஜூனில் நிறைவுறும் வரை சுமார் 12,000 மன்றங்கள் 19 லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகளை விசாரித்தன. அவற்றுள் பெரும்பான்மை சொத்துச் சூறை தொடர்பானவை.

குற்றத்தை முழுமையாக ஒப்புக்கொண்டு, உடந்தையானவர்களைக் கூறி, சடலங்கள் கிடக்குமிடத்தைக் காட்டி, சபையறிய மன்னிப்புக் கேட்பவருக்குத் தண்டனை குறைக்கப்பட்டது. இதன் பயனைச் சிறிதென்று சொல்ல இயலாது. தம் பிள்ளைகளின் எலும்புகளையேனும் கண்டெடுத்து நல்லடக்கம் செய்யும் வாய்ப்பு எத்தனையோ தாய்மாருக்குக் கிட்டியது.

ஆனால் இம்முறையின் குறைகளும் கனமானவை. தண்டனைக் குறைப்புக்காக உதட்டளவில் கேட்கப்பட்ட மன்னிப்புகள் பல. சாட்சி சொன்னதற்காகவே கொல்லப்பட்டவர்களும் உண்டு. சூறையாடிய சொத்துக்கு ஈடு விதிக்கப்பட்டது. பறிக்கப்பட்ட உயிர்களுக்கான இழப்பீட்டுச் சட்டமோ எதிர்பார்க்கப்பட்டபடி வரவில்லை. வெற்றிபெற்ற ருவாண்டா தேசபக்த முன்னணியின் படையினர் புரிந்த கொலைகள் இம்மன்றங்களின் விசாரணைக்கே வரவில்லை. அவ்வகையில் தம் உறவினரை இழந்தோருக்கு அந்தப் புல்தரையில் இடமிருக்கவில்லை.

இங்கே இரண்டு செயல்களைப் பிரித்தறிதல் வேண்டும். தண்டனையைக் குறைத்தல் அரசின் செயல்; மன்னித்தல் பாதிக்கப்பட்டவரின் செயல். மன்னிக்குமாறு சட்டம் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. எனினும் நல்லிணக்கம் நாட்டின் கொள்கையாக முழங்கப்படும்போது, மனம் ஒப்பாத ஒரு கைம்பெண் 'மாட்டேன்' எனச் சொல்வது எளிதன்று. அவ்வாறு சொல்லும் உரிமை இல்லாதபோது, அவர் அளிக்கும் மன்னிப்புக்கும் பொருளில்லை.

கொன்றவரும் உயிர்தப்பியவரும் இன்றும் ஒரே குன்றின் சரிவில் பயிரிட்டு வாழ்கின்றனர். சிலர் மனமார மன்னித்தனர். சிலர் பொறுத்துக்கொண்டு மட்டும் வாழ்கின்றனர். இரண்டாமவரைக் குறைத்து மதிப்பிட நமக்கு உரிமையில்லை. உண்மையை வெளிக்கொணர்வதும், ஈட்டை வழங்குவதும், மீண்டும் வாள் ஓங்கப்படாமல் காப்பதும் ஆட்சியாளரின் கடமைகள். அவை நிறைவேறிய பின்னரும் மன்னிப்பு என்பது வாரிசின் கையிலேயே இருக்கிறது. நம் சட்ட முன்னோர் அதனை அங்கேயே வைத்துச் சென்றதன் நுட்பம் இப்போது நமக்கு விளங்கும்.