டார்ச் வைத்த போனும் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியும்

நம் பக்கத்தில் "நோக்கியா கம்பெனி" என்றால் இன்றைக்கும் ஸ்ரீபெரும்புதூர்தான் நினைவுக்கு வரும். வரித் தகராறில் மூடிவிட்டார்கள் என்று டீக்கடையில் அடித்துச் சொல்வார்கள். அது பாதிக் கதை. மீதிப் பாதி நம் சட்டைப் பையில் இருந்த போனிலேயே இருக்கிறது.

பின்லாந்து நாட்டில் 1865-இல் காகித ஆலையாகத் தொடங்கி, பிறகு ரப்பர் பூட்ஸ், கேபிள் என்று பலதும் செய்த கம்பெனி அது. 2003-இல் 1100 என்ற போனைக் கொண்டுவந்தார்கள். கேமரா கிடையாது, கலர் கிடையாது. தூசி புகாத பட்டன்கள், வியர்த்த கையிலும் வழுக்காத ஓரம், தலையில் ஒரு டார்ச். ராத்திரியில் மோட்டார் போட வரப்பு மேல் நடக்கிறவருக்கு வேறென்ன வேண்டும்? அதே வருடம் மே 1 முதல் இன்கமிங்கும் இலவசமாயிற்று. அதுவரை, வந்த அழைப்பை எடுத்தாலே காசு போகும். யாரோ நம் ஊர் இருட்டைப் பார்த்துவிட்டுப் போய்ச் செய்ததுபோல் இருந்தது அந்த போன். உலகம் முழுக்க 25 கோடி விற்றது.

அந்தத் தெம்பில்தான் 2005-இல் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டு, 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கினார்கள். நல்ல நாளில் ஏறத்தாழ 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள். பெரும்பாலும் பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பிள்ளைகள். ஷிப்ட் பஸ் ஊருக்குள் வந்து ஏற்றிக்கொண்டு போனது. மாதச் சம்பளம் என்பதையே அந்தத் தலைமுறையில்தான் பல வீடுகள் முதன்முதலாகப் பார்த்தன, அதுவும் பெண் கையால்.

கோட்டை விட்டது எங்கே? ஐபோன் 2007-இல் வந்தது, ஆண்ட்ராய்டு 2008-இல் வந்தது, நோக்கியா தன் பழைய சிம்பியானையே கட்டிக்கொண்டு அழுதது என்பார்கள். உண்மைதான். ஆனால் நம் ஊரில் அதற்கு முன்பே ஆட்டம் கண்டுவிட்டது, ஒரு சின்ன விஷயத்தில்: இரட்டை சிம். வீட்டில் ஒரு கம்பெனி சிக்னல் எடுக்கும், கழனியில் இன்னொன்று எடுக்கும். ஒன்றில் பேச மலிவு, மற்றொன்றில் ராத்திரி இலவசம். ஜனங்கள் சிம்மை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மைக்ரோமேக்ஸ் போன்ற புதிய கம்பெனிகளும் பெயர் தெரியாத சீனா போன்களும் இதைப் பிடித்துக்கொண்டன. நோக்கியாவின் இரட்டை சிம் போன் இங்கே கடைக்கு வர 2011 ஆகிவிட்டது. ஐரோப்பாவில் போனை விற்பதே பெரும்பாலும் சிம் கம்பெனிகள்தான். இன்னொருவன் சிம்முக்கும் இடம் கொடுக்கும் போனை அவர்கள் விரும்புவார்களா? அந்தக் கண்ணோடு நம்மையும் பார்த்துவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். டார்ச் வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாமல் போனதுதான் ஆச்சரியம்.

2011 பிப்ரவரியில் தலைவர் ஸ்டீபன் ஈலோப், சிம்பியானைக் கைவிட்டு மைக்ரோசாஃப்டின் விண்டோஸுக்கு மாறுவதாக அறிவித்தார். அதுவும் எடுபடவில்லை. 2013 செப்டம்பரில் போன் வியாபாரத்தையே மைக்ரோசாஃப்டுக்கு விற்க முடிவாயிற்று. வரி வழக்கு குறுக்கே வந்தது இங்கேதான். 2014 ஏப்ரலில் கைமாறியபோது, வழக்கில் சிக்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் விற்பனையில் சேரவில்லை. வாங்கியவருக்கு ஒப்பந்த அடிப்படையில் போன் செய்து கொடுக்கும் நிலை. விருப்ப ஓய்வு என்று சொல்லி 5,000-க்கும் மேற்பட்டவர்கள் கணக்கு முடித்தார்கள். விருப்ப ஓய்வாம், இருபத்தைந்து வயதில்! 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. அதே வளாகத்தில் நோக்கியாவை நம்பியிருந்த ஃபாக்ஸ்கானும் அடுத்த மாதம் மூடியது.

கையிலே வந்த தொகையில் சிலர் கடனை அடைத்தார்கள், சிலர் கல்யாணம் முடித்தார்கள். வேறு கம்பெனிக்குப் போனவர்கள் பலர் புதிதாய்ச் சேர்கிறவர் சம்பளத்தில்தான் மறுபடி தொடங்க வேண்டியிருந்தது.

2019-இல் அந்த ஆலையை சால்காம்ப் என்ற சார்ஜர் கம்பெனி எடுத்துக்கொண்டது. அதுவும் பின்லாந்தில் பிறந்ததுதான். ஃபாக்ஸ்கான் இப்போது பக்கத்தில் சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் பூட்டுகிறது. அங்கேயும் வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பெண்பிள்ளைகள்தான்.