உதகை வானொலித் தொலைநோக்கியும் அண்டவியல் சோதனைகளும்

உதகை வானொலித் தொலைநோக்கி என்பது நீலகிரி மாவட்டம் உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தால் 1970இல் கட்டி முடிக்கப்பட்ட தொலைநோக்கி ஆகும். கோவிந்த் சுவரூப் தலைமையிலான குழு இதை வடிவமைத்தது. அண்டவியல் கோட்பாடுகளைச் சோதித்த இந்திய முயற்சிகளுள் இதன் பணி குறிப்பிடத்தக்கது.

அமைப்பு

இத்தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. வடக்குத் தெற்காகச் சுமார் 11 பாகை சாய்ந்த மலைச்சரிவில் நிற்கிறது. அவ்விடத்தின் அட்சரேகையும் ஏறத்தாழ அதே அளவு என்பதால், இதன் அச்சு புவியின் சுழலச்சுக்கு இணையாக உள்ளது. எனவே அந்த ஓர் அச்சில் சுழற்றியே ஒரு வானொலி மூலத்தை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகப் பின்தொடரலாம்.

சோதனை

1948இல் பிரெட் ஹாயில், ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்டு ஆகியோர் மாறாநிலைக் கோட்பாட்டை முன்வைத்தனர். அண்டம் விரிந்தாலும் அதன் பொதுத்தோற்றம் எக்காலத்திலும் மாறாது என்பது அதன் சாரம். பெருவெடிப்புக் கோட்பாட்டின்படியோ முற்கால அண்டம் இன்றையதிலிருந்து வேறுபட்டது.

நிலவு ஒரு வானொலி மூலத்தை மறைக்கும்போது அதன் அலைகள் மங்கும் விதத்தைப் பதிவு செய்து, அம்மூலத்தின் கோண அளவு கணக்கிடப்பட்டது. இம்முறையில் நூற்றுக்கணக்கான மங்கலான மூலங்கள் ஆராயப்பட்டன. மங்கலானவை பெரும்பாலும் தொலைவில், அதாவது கடந்த காலத்தில், உள்ளவை.

1975இல் சுவரூப்பும் விஜய் கபாஹியும் முடிவுகளை வெளியிட்டனர். மூலங்கள் மங்க மங்க அவற்றின் கோண அளவும் குறைந்துகொண்டே சென்றது. முற்காலத்தில் வானொலி மூலங்கள் எண்ணிக்கையில் மிகுந்தும் உருவில் சிறுத்தும் இருந்தன என்று கொண்டால்தான் இது பொருந்தியது. மாறாநிலைக் கோட்பாடு இதனுடன் முரண்பட்டது. 1965இல் அறிவிக்கப்பட்ட அண்ட நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சால் ஏற்கெனவே தளர்ந்திருந்த அக்கோட்பாட்டுக்கு எதிராக இது ஒரு தனிச் சான்றாயிற்று.

வரம்பு

கோண அளவு அண்டத்தின் வடிவியலை மட்டும் பொறுத்ததன்று. மூலங்களின் வளர்ச்சியையும் பொறுத்தது. இரண்டும் கலந்தே தெரிவதால், மாறாநிலைக் கோட்பாட்டை மறுக்க முடிந்ததே தவிர, பெருவெடிப்பு மாதிரிகளுள் எது சரி என்று இம்முறையால் தேர்ந்தெடுக்க இயலவில்லை.

இன்றைய தொடர்ச்சி

அண்ட விரிவு வேகமடைகிறது என்று 1998இல் மீயொளிர் விண்மீன் வெடிப்புகள் காட்டின. இதற்குக் காரணமாகக் கருதப்படும் இருண்ட ஆற்றல் மாறாததா, காலப்போக்கில் மாறுவதா என்பது இன்றைய கேள்வி. ஆக்சியான் போன்ற புல மாதிரிகளில் அது மெல்ல மாறுகிறது. 2024 முதல் வெளிவந்த டெசி ஆய்வின் முடிவுகள், பிற தரவுகளுடன் சேரும்போது, அத்தகைய மாற்றத்தை உணர்த்துகின்றன. ஆனால் அது இன்னும் உறுதியாகவில்லை. வெடிப்புகளின் ஒளிர்வு காலத்தால் மாறுபட்டிருந்தால் அதுவும் இருண்ட ஆற்றலின் மாற்றம்போலத் தோன்றக்கூடும். அளவுகோலே மாறியதா, அண்டம் மாறியதா என்று பிரித்தறிவது முத்தோரையில் போலவே இன்றும் சோதனையின் கடினமான பகுதியாக உள்ளது.