வெள்ளைப்படுதலும் அமில அரணும் – ஒரு வரலாற்றுப் பார்வை



ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயார் அண்மையில் என்னைத் தனியே அழைத்து, "டீச்சர், பிள்ளைக்கு வெள்ளைப்படுகிறது. நோயாக இருக்குமோ? சோப்புப் போட்டு உள்ளே கழுவச் சொல்லியிருக்கிறேன்," என்றார். அவர் தம் தாயாரிடம் கற்றதைத்தான் மகளுக்கும் சொல்லியிருப்பார். அவருடைய கேள்விக்கான விடை நூறாண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. ஆயினும் அது நம் தோட்டத்து வீடுகளை இன்னும் வந்தடையவில்லை.

1892ஆம் ஆண்டு ஜெர்மனியின் மகப்பேற்று மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன், பிரசவக் காய்ச்சலைப் பற்றி ஆராயும்போது ஓர் உண்மையைக் கண்டார். நலமுள்ள பெண்களின் யோனிக் கசிவில் ஒருவகை நுண்ணுயிர்கள் வாழ்ந்து, லாக்டிக் அமிலத்தை உண்டாக்கித் தீய கிருமிகளை அடக்கி வைத்திருந்தன. தயிரைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு இவை உறவினம். இவற்றை இன்று லாக்டோபாசிலஸ் என்கிறோம்.

1909இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் சோரன்சன் என்னும் அறிஞர் பி.எச். அளவுகோலை வகுத்தார். அதில் 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். வகுப்பில் லிட்மஸ் தாளைக் கொண்டு நாம் கற்பிக்கும் பாடமே இது. பருவமடைந்த பெண்ணின் யோனியில் இவ்வளவு பொதுவாக 3.8 முதல் 4.5 வரை இருக்கும். பருவ வயதில் ஈஸ்ட்ரோஜன் சுரந்ததும் யோனிச் சுவரில் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருள் சேர்கிறது. அது சிதைந்து நுண்ணுயிர்களுக்கு உணவாக, அமிலம் பிறக்கிறது. ஆகவே அவ்வயதில் தோன்றும் தெளிந்த அல்லது வெண்ணிறக் கசிவு நோயன்று. உடல் தனக்குத்தானே எழுப்பிக்கொள்ளும் அரணின் அடையாளம்.

இதனை அறிந்த பின்னும் வணிகம் வேறு வழியில் சென்றது. 1920களிலும் அதற்குப் பின்னரும் அமெரிக்க இதழ்கள் லைசால் கிருமிநாசினியால் பெண்கள் உள்ளே கழுவிக்கொள்ள வேண்டும் என்று விளம்பரம் செய்தன. இல்லையேல் கணவரின் அன்பு குறையும் என்றும் அச்சுறுத்தின. அதனால் உடல் வெந்தோரும் நஞ்சேறி இறந்தோரும் உண்டு. சாதாரணச் சோப்பும் 9, 10 அளவிலான காரமே. தேயிலை அமில மண்ணில்தான் செழிக்கும் என்பது கேமரன் மலை மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதன் வேரில் யாரேனும் சுண்ணாம்பை அள்ளிக் கொட்டுவார்களா?

நோய் வந்த பின்னும் வாய் திறவாமை மற்றொரு கேடு. மகாராஷ்டிர மாநிலம் கட்சிரோலியில் மருத்துவத் தம்பதியரான ராணி பங்கும் அபய் பங்கும் இரண்டு சிற்றூர்களில் 650 பெண்களைப் பரிசோதித்தனர். 1989இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த அவ்வாய்வின்படி, 92 விழுக்காட்டினருக்கு மகளிர் நோய் ஏதேனும் இருந்தது. முன்பு அதற்கெனப் பரிசோதனை செய்துகொண்டவர்களோ 8 விழுக்காட்டினர் மட்டுமே. ஏனையோரின் துன்பம் வெளியில் தெரியாமலே இருந்திருக்கிறது.

1983இல் ஆம்செல் குழுவினர், நுண்ணுயிர்ச் சமநிலை கெடுவதால் வரும் நோயை அறிய நான்கு அடையாளங்களை வகுத்தனர். பி.எச். அளவு 4.5ஐத் தாண்டுவது அவற்றுள் ஒன்று. கருவுற்ற பெண்களிடம் இந்நோய் குறைப்பிரசவத்தோடு தொடர்புடையது. ஆனால் பூஞ்சைத் தொற்றில் பி.எச். பெரும்பாலும் மாறுவதில்லை. ஆகவே வீட்டிலேயே ஊகித்து மருந்திடல் தகாது.

அத்தாயாரிடம் நான் கூறியது இதுதான்: "அம்மா, உள்ளே எதுவும் இட்டுக் கழுவ வேண்டாம், வெளிப்புறத்தை நீரால் தூய்மை செய்தால் போதும். துர்நாற்றம், அரிப்பு, எரிச்சல், நிறமாற்றம், அடிவயிற்று வலி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் தயங்காமல் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள்."

நம் பெண்பிள்ளைகள் இதனை விளம்பரத்திடமிருந்து அல்ல, நம்மிடமிருந்தே கேட்கட்டும்.